திசைமாற்றிக் கீச்சொலி

திசைமாற்றிக் கீச்சொலி என்பது தானுந்து முதலிய ஊர்திகளில் ஓட்டுநர் திசைமாற்றியைத் திருப்பும்பொழுது எழும் உராய்வு ஒலியைக் குறிக்கும். திசைமாற்றி பேச்சு வழக்கில் ஸ்டியரிங் எனப்படுகின்றது. இவ்வொலி தனியொரு பழுது அன்று; ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பழுதுகளுக்குப் பொதுவான ஓர் அறிகுறியாகும். திசைமாற்றியின் பின்புறத்தில் இரு நெகிழி உறைகள் உரசுவதாலும் இவ்வொலி எழலாம். முன் சக்கரத்தைத் தாங்கி நிற்கும் மூட்டு மசகின்றித் தேய்வதாலும் எழலாம். முன்னது காதுக்கு மட்டுமே தொல்லை தருவது. பின்னதைக் கவனியாது விட்டால் ஓடும் வண்டியில் சக்கரம் கட்டுப்பாட்டை இழக்க நேரிடும். ஆகையால் ஒலியை அடக்குவதற்கு முன்பு அது எங்கிருந்து வருகின்றது என்பதை உறுதிசெய்தல் இன்றியமையாதது.

திசைமாற்றி அமைப்பின் பகுதிகள்

ஒலியின் இடத்தை அறிய, ஓட்டுநரின் கை விசை சக்கரங்களைச் சென்றடையும் வழியை அறிந்திருத்தல் வேண்டும். இன்றைய பெரும்பாலான கார்களில் அவ்வழி பின்வருமாறு அமைந்துள்ளது.

* திசைமாற்றி: ஓட்டுநர் பிடிக்கும் வளையம். இதன் நடுவில் ஒலிப்பான் பொத்தானும் காற்றுப்பையும் உள்ளன.
* திசைமாற்றித் தண்டு: திசைமாற்றியிலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் எஃகுத் தண்டு. இது தாங்கிகளின் மீது சுழல்கின்றது. தாங்கியைப் பணிமனைகளில் பேரிங் என்பர்.
* யுனிவர்சல் ஜாயின்ட்: தண்டு சாய்வாகத் திரும்ப வேண்டிய இடங்களில் உள்ள இணைப்பு. இதன் நடுவில் சிலுவை வடிவத் துண்டொன்று இருக்கும்.
* இரப்பர் அடைப்பு வளையம்: பயணிகள் அறைக்கும் இயந்திர அறைக்கும் இடையிலுள்ள தடுப்பின் ஊடாகத் தண்டு வெளியேறும் இடத்தில், நீரும் தூசியும் உள்ளே வராமல் தடுப்பது.
* பற்சட்டமும் பற்சக்கரமும்: தண்டின் சுழற்சியை இடவல நகர்வாக மாற்றும் பெட்டி.
* டை ராடு: பற்சட்டத்தின் இரு முனைகளிலிருந்தும் சக்கரங்களுக்குச் செல்லும் கம்பிகள்.
* பந்துக் கிண்ண மூட்டுகள்: மனிதரின் தோள்மூட்டைப் போல, கிண்ணத்திற்குள் பந்து அமர்ந்து எத்திசையிலும் அசையும் இணைப்புகள். டை ராடுகளின் முனையிலும், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையின் முனையிலும் இவை உள்ளன.
* ஸ்ட்ரட்டின் மேல் தாங்கி: சுருள்வில்லும் அதிர்வுத் தாங்கியும் சேர்ந்த ஸ்ட்ரட் என்னும் உறுப்பு, சக்கரத்துடன் சேர்ந்து திரும்புவதற்கு இடம் தரும் தாங்கி.

இவற்றுள் எந்த ஓர் இணைப்பிலும் கீச்சொலி பிறக்கலாம்.

ஒலி தோன்றும் முறை

ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும் இரு பரப்புகளை நகர்த்தத் தொடங்குவதற்குத் தேவைப்படும் விசை, அவை நகர்ந்துகொண்டிருக்கும்பொழுது தேவைப்படும் விசையைவிடப் பெரும்பாலும் அதிகம். முதலாவது ஓய்வுநிலை உராய்வு எனவும், இரண்டாவது இயக்க உராய்வு எனவும் இயற்பியலில் வழங்கப்படும். மசகு வற்றிய மூட்டொன்றைத் திருப்பும்பொழுது பரப்புகள் முதலில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. விசை கூடக்கூட அருகிலுள்ள பகுதிகள் வில்லைப்போல் சற்றே வளைகின்றன. விசை ஓய்வுநிலை உராய்வை மீறியவுடன் பரப்பு நழுவி, வளைவு தளர்ந்து, மீண்டும் ஒட்டிக்கொள்கின்றது. இவ்வாறு ஒட்டுவதும் நழுவுவதும் ஒரு நொடிக்குப் பல நூறு முறை நிகழும்பொழுது அவ்வதிர்வு ஒலியாகக் கேட்கின்றது. வயலின் நரம்பின்மீது வில் இழுக்கப்படும்பொழுது இசை எழுவதும், துருப்பிடித்த கதவுக் கீலும் கிணற்று இராட்டினமும் கீச்சிடுவதும் இதே முறையில்தான்.

மாட்டு வண்டியின் அச்சில் மை இடுவதும் இதன் பொருட்டே. பரப்புகளுக்கு இடையே மசகுப் படலம் இருக்கும்வரை அவை நேரடியாக ஒட்டிக்கொள்வதில்லை, ஒலியும் எழுவதில்லை. எனவே கீச்சொலி கேட்கின்றது என்றால், இருக்க வேண்டிய மசகு எங்கோ இல்லை அல்லது உரசக்கூடாத இரு பொருள்கள் எங்கோ உரசுகின்றன என்று பொருள்.

ஒலி எழும் இடமும் கேட்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எஃகு ஒலியை நன்கு கடத்தும். சக்கரத்தின் அருகே பிறந்த ஒலி டை ராடு, பற்சட்டம், தண்டு வழியாக ஏறி, ஓட்டுநருக்குத் திசைமாற்றியிலிருந்தே வருவது போலத் தோன்றலாம். காதை மட்டும் நம்பித் தவறான உறுப்பை மாற்றுவதற்கு இதுவே முதன்மையான காரணமாகும்.

காரணங்கள்

திசைமாற்றியும் அதன் உறைகளும்

திசைமாற்றியின் பின்பகுதி, தண்டை மூடியிருக்கும் நெகிழி உறைக்கு மிக நெருக்கமாகச் சுழல்கின்றது. உறையின் திருகுகள் தளர்ந்தாலோ, வெயிலில் நிறுத்தப்பட்டு உறை நெளிந்தாலோ, இரண்டும் உரசும். இவ்வொலி மெல்லியதாகவும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் எழுவதாகவும் இருக்கும். உறையைக் கையால் சற்று அழுத்தினாலோ இழுத்தாலோ ஒலி மாறும்.

காற்றுப்பை உள்ள வண்டிகளில், சுழலும் திசைமாற்றிக்கும் அசையாத தண்டுக் கூட்டுக்கும் இடையே மின்னிணைப்பைத் தருவது கிளாக் ஸ்பிரிங் என்னும் சுருண்ட பட்டைக் கம்பிவடமாகும். அதன் நெகிழிப் பெட்டிக்குள் தூசி புகுந்தாலும், வடம் தேய்ந்தாலும் சரசரப்போ கீச்சொலியோ கேட்கும். காற்றுப்பை இல்லாத பழைய வண்டிகளில் ஒலிப்பானுக்கு மின்சாரம் தரும் செப்பு வளையமும், அதன்மீது அழுந்தி நிற்கும் தொடுமுனையும் உலர்ந்து கீச்சிடுவதுண்டு.

தண்டும் இரப்பர் அடைப்பு வளையமும்

கீச்சொலிக்குப் பரவலான காரணங்களுள் இதுவும் ஒன்று. தண்டு சுழலும்பொழுது இரப்பர் வளையத்தின் உதடுகள் அதனைத் தழுவி நிற்கின்றன. தொழிற்சாலையில் இடப்பட்ட கிரீஸ் ஆண்டுகள் செல்லச்செல்ல வற்றிவிடும். இரப்பர் இறுகி, தண்டின்மீது ஒட்டி நழுவத் தொடங்கும். ஒலி ஓட்டுநரின் கால்களுக்கு அருகிலிருந்து வரும். வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றிற்கு ஏற்ப இரப்பரின் தன்மை மாறுவதால், ஒலி சில நாள்களில் மறைந்து, சில நாள்களில் மீண்டும் தோன்றலாம்.

யுனிவர்சல் ஜாயின்ட்டின் சிலுவைத் துண்டிலுள்ள சிறு ஊசித் தாங்கிகள் துருப்பிடித்தாலும் ஒலி எழும். இதில் ஒலியுடன் திசைமாற்றி ஒரு சுற்றில் இரண்டு இடங்களில் இறுகியும் இரண்டு இடங்களில் இளகியும் திரும்பும். வெள்ளநீரில் நின்ற வண்டிகளில் இம்மூட்டைத் தவறாமல் சோதித்தல் நன்று.

பவர் ஸ்டியரிங்

திருப்பும் விசையைக் குறைக்க உதவும் பவர் ஸ்டியரிங் இரு வகைப்படும். நீர்ம அழுத்த வகையில், இயந்திரத்தால் பெல்ட் மூலம் சுழற்றப்படும் பம்பு ஒன்று எண்ணெயை அழுத்தத்துடன் செலுத்துகின்றது. திசைமாற்றியை ஒரு பக்கமாக முடிவுவரை திருப்பும்பொழுது பம்பின் அழுத்தம் உச்சத்தை அடைகின்றது. பெல்ட் தளர்ந்தோ தேய்ந்தோ இருந்தால் அந்நிலையில் அது கப்பியின்மீது நழுவி, உரத்த கிரீச்சொலி எழுப்பும். இவ்வொலி இயந்திர அறையிலிருந்து வருவதும், இயந்திரம் நின்றிருக்கும்பொழுது அறவே இல்லாதிருப்பதும் இதன் அடையாளங்கள்.

எண்ணெய் குறைந்து காற்று கலந்திருந்தால் எழுவது கீச்சொலி அன்று. முனகல் போன்ற நீண்ட ஒலியாகும். எண்ணெய்க் குடுவையில் நுரை காணப்படுவது இதற்குச் சான்று. எண்ணெய் தானாகக் குறைவதில்லை. ஆகவே நிரப்புவதுடன் நில்லாமல் கசிவையும் தேடுதல் வேண்டும்.

மின்னோடியால் இயங்கும் பவர் ஸ்டியரிங்கில் பம்பும் இல்லை, அதற்கான பெல்ட்டும் இல்லை. எனவே இத்தகைய வண்டியில் திருப்பும்பொழுது மட்டும் கேட்கும் கீச்சொலிக்கு பெல்ட்டைக் காரணம் சொல்வது பெரும்பாலும் பொருந்தாது.

பந்துக் கிண்ண மூட்டுகள்

பழைய ஊர்திகளில் மூட்டுகளுக்கு அவ்வப்போது கிரீஸ் செலுத்துவதற்குச் சிறு முனைகள் இருந்தன. இன்றைய கார்களின் மூட்டுகள் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே கிரீஸ் நிரப்பி அடைக்கப்பட்டவை. அவற்றின் ஆயுள் அவற்றை மூடியிருக்கும் மெல்லிய இரப்பர் உறையையே சார்ந்துள்ளது. உறை கிழிந்தவுடன் கிரீஸ் வெளியேறி, நீரும் மணலும் உட்புகுகின்றன. முதலில் கீச்சொலி எழும். பின்னர் மூட்டு தேய்ந்து, மேடுபள்ளங்களில் தட்டும் ஒலி கேட்கும். முடிவில் பந்து கிண்ணத்தை விட்டுக் கழன்றுவிடலாம். கீழ் மூட்டு கழன்றால் சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்து, வண்டியைத் திருப்ப இயலாமற் போகும்.

ஸ்ட்ரட்டின் மேல் தாங்கி

இத்தாங்கி இறுகினால், திசைமாற்றியைத் திருப்பும்பொழுது சுருள்வில் உடனே திரும்பாமல் முறுக்கிக்கொண்டு, பிறகு திடீரெனத் துள்ளி விடுபடும். முனகலுடன் கம்பி அதிர்வது போன்ற ஒலி கேட்கும். திருப்பத்திற்குப் பின்பு திசைமாற்றி தானாக நடுநிலைக்குத் திரும்பாமல் தயங்குவதும் உண்டு.

டயர்

அடுக்கு வாகன நிறுத்துமிடங்களின் வழவழப்பான, வண்ணம் பூசிய தளங்களில் மெதுவாகத் திரும்பும்பொழுது டயர்கள் கீச்சிடுவது இயல்பு. வண்டியில் பழுது இருப்பதாக இதனைக் கொள்ளவேண்டியதில்லை. தார்ச்சாலையில் ஒலி மறைந்துவிட்டால் காரணம் தளமே ஆகும். தார்ச்சாலையிலும் மிதமான வேகத்தில் டயர் கீச்சிட்டால் காற்றழுத்தத்தையும் சக்கரச் சீரமைப்பையும் சோதித்தல் வேண்டும்.

கண்டறிதல்

கண்டறிதலின் அடிப்படை, ஐயத்திற்குரிய பகுதிகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வருவதாகும். ஒரு நேரத்தில் ஒரு நிலையை மட்டும் மாற்றி, ஒலி மாறுகின்றதா எனக் கவனித்தல் வேண்டும். சோதனைகளைச் சமதளத்தில், கைத்தடையைப் போட்டு, நகராத சக்கரங்களுக்குக் கட்டை வைத்தபின் செய்தல் நன்று.

1. இயந்திரத்தை நிறுத்தி, பூட்டு விடுபடும் அளவிற்குச் சாவியைத் திருப்பி, திசைமாற்றியை இருபுறமும் சிறிதளவு அசைக்க வேண்டும். உதவி விசை இல்லாததால் அது கனமாக இருக்கும், வலிந்து திருப்பலாகாது. இப்பொழுதே ஒலி கேட்டால் பம்பும் பெல்ட்டும் காரணமல்ல.
2. இயந்திரத்தை இயக்கி, வண்டியை நகர்த்தாமல் முழுவதுமாகத் திருப்ப வேண்டும். இந்நிலையில் மட்டும் ஒலி கேட்டு, முடிவில் அது உச்சமடைந்தால் பெல்ட்டை ஆராயவேண்டும். திசைமாற்றியை முடிவில் சில நொடிகளுக்கு மேல் அழுத்திப் பிடித்திருத்தல் பம்பைச் சூடாக்கும்.
3. முன் சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தி, உறுதியான தாங்கு நிலைகளின்மீது வண்டியை நிறுத்தித் திருப்ப வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ நுழைக்கலாகாது. எடை நீங்கியவுடன் ஒலி மறைந்தால் காரணம் எடையைத் தாங்கும் மூட்டுகளிலோ ஸ்ட்ரட்டிலோ டயரிலோ இருக்கலாம். ஒலி மாறாமல் இருந்தால் காரணம் பற்சட்டப் பெட்டிக்கு மேலே, தண்டிலோ உறைகளிலோ இருக்க வாய்ப்பு அதிகம்.
4. ஒருவர் மெதுவாகத் திருப்ப, மற்றொருவர் மூட்டுகளையும் சுருள்வில்லையும் இரப்பர் வளையத்தையும் ஒவ்வொன்றாக விரல் நுனியால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒலி பிறக்கும் உறுப்பில் மெல்லிய அதிர்வை உணரலாம். காதைவிட விரல் இங்கு நம்பத்தக்கது. இச்சோதனையின்பொழுது இயந்திரம் நின்றிருத்தல் வேண்டும். நெருங்கி வரும் பகுதிகளுக்கு இடையே விரலை நுழைக்கலாகாது.
5. உயர்த்திய சக்கரத்தை மேலும் கீழுமாகவும், பின்னர் இடமும் வலமுமாகவும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். சக்கரம் தளர்ந்து ஆடினால் மூட்டோ தாங்கியோ தேய்ந்துள்ளது.

பெல்ட்டைச் சோதிக்க ஓர் எளிய முறை உண்டு. இயந்திரம் ஓடும்பொழுது, தொலைவிலிருந்து பெல்ட்டின் உட்புறத்தில் சிறிது நீரைத் தெளித்தால், ஒலி சற்று நேரம் அடங்கி மீண்டும் வருவது கப்பிகள் நேர்க்கோட்டில் இல்லை என்பதையும், ஒலி மிகுவது பெல்ட் தளர்ந்துள்ளது என்பதையும் காட்டும். தொங்கும் ஆடைகளையும் கைகளையும் சுழலும் பகுதிகளுக்கு அருகே கொண்டுசெல்லலாகாது.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரே வகைக் கீச்சொலி எழுப்பும் இரு வண்டிகளைக் கொள்வோம். இரண்டிலும் இயந்திரம் நின்றிருக்கும்பொழுதே ஒலி கேட்கின்றது. எனவே பெல்ட் விலக்கப்படுகின்றது. முன் சக்கரங்களை உயர்த்தியபின் முதல் வண்டியில் ஒலி அவ்வாறே தொடர்கின்றது. ஓட்டுநரின் கால் பகுதியில் விரிப்பை விலக்கி இரப்பர் வளையத்தைத் தொட்டால் அதிர்வு தெரிகின்றது. சிறிதளவு சிலிக்கோன் கிரீஸ் தடவியவுடன் ஒலி நின்றுவிடுகின்றது. செலவு மிகச் சிறிது, ஆபத்தும் ஏதுமில்லை.

இரண்டாவது வண்டியில் சக்கரங்களை உயர்த்தியவுடன் ஒலி மறைந்துவிடுகின்றது. கீழ் மூட்டின் இரப்பர் உறை கிழிந்து, உள்ளே செந்நிறத் துரு காணப்படுகின்றது. இம்மூட்டிலும் எண்ணெய் தெளித்தால் ஒலி சில நாள்களுக்கு நிற்கும். ஆனால் தேய்மானம் நிற்காது. உரிமையாளரை எச்சரித்துக்கொண்டிருந்த ஒரே அறிகுறிதான் மறைந்துபோகும். ஒலி நின்றுவிட்டது என்பதால் பழுது நீங்கிவிட்டது என்று கொள்ளலாகாது என்பதை இவ்வெடுத்துக்காட்டு விளக்குகின்றது.

திருத்தம்

மசகைத் தேர்ந்தெடுத்தல்

உரசும் பொருளுக்கு ஏற்ற மசகைப் பயன்படுத்த வேண்டும்.

* இரப்பரும் நெகிழியும் உரசும் இடங்களில் சிலிக்கோன் கிரீஸ் ஏற்றது. பெட்ரோலிய எண்ணெய்கள் சில வகை இரப்பரை ஊதச் செய்து நாளடைவில் சிதைக்கும்.
* உலோகமும் உலோகமும் உரசும் இடங்களில் லித்தியம் கிரீஸ் ஏற்றது.
* பெல்ட்டின்மீது எவ்வகை மசகையும் இடலாகாது. அது நழுவலை மேலும் மிகுவிக்கும். பெல்ட்டைச் சரியாக இறுக்குவதோ மாற்றுவதோதான் திருத்தமாகும்.
* வீட்டிலுள்ள தேங்காய் எண்ணெய் தற்காலிகமாக ஒலியை அடக்கலாம். எனினும் அது தூசியைப் பிடித்துப் பிசுக்காகும். ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்தும்விடும்.

டபிள்யூடி-40 போன்ற தெளிப்பு நீர்மங்கள் பலராலும் பயன்படுத்தப்படுகின்றன. 1953 இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் உருவாக்கப்பட்ட இதன் முதல் நோக்கம் உலோகத்தின்மேல் உள்ள ஈரத்தை அகற்றித் துருவைத் தடுப்பதாகும். பெயரிலுள்ள எழுத்துகள் நீரை இடம்பெயர்த்தலைக் குறிப்பன. இதன் கரைப்பான் ஆவியானபின் எஞ்சுவது மெல்லிய படலமே. எனவே பெருஞ்சுமை தாங்கும் மூட்டுகளில் கிரீசுக்கு மாற்றாக இது அமையாது.

உறுப்புகளை மாற்றுதல்

உறை கிழிந்து தேய்ந்த பந்துக் கிண்ண மூட்டையும் இறுகிய ஸ்ட்ரட் தாங்கியையும் மாற்றுவதே முறை. இவற்றை மாற்றியபின் சக்கரங்களின் கோணங்கள் மாறியிருக்கக்கூடும் என்பதால் சக்கரச் சீரமைப்புச் செய்தல் வேண்டும். பணிமனைகளில் இது வீல் அலைன்மென்ட் எனப்படுகின்றது. கழற்றிய பாதுகாப்பு ஊசிகளை மீண்டும் பயன்படுத்தாது புதியனவற்றை இடுதல் நன்று. மரைகளைத் தயாரிப்பாளரின் கையேட்டிலுள்ள அளவிற்கு முறுக்க வேண்டும்.

திசைமாற்றித் தண்டைப் பிரிப்பதாயின், இணையும் இரு பகுதிகளிலும் முன்கூட்டியே வண்ணத்தால் அடையாளமிட வேண்டும். மேலும் திசைமாற்றி சுழலாதவாறு கட்டிவைத்தல் அவசியம். தண்டு பிரிந்திருக்கும்பொழுது திசைமாற்றி பல சுற்றுகள் சுழன்றுவிட்டால், மீண்டும் இணைத்தபின் ஏதேனும் ஒரு திருப்பத்தில் கிளாக் ஸ்பிரிங்கின் வடம் அறுந்துவிடும்.

நீர்ம அழுத்த வகையில், கையேட்டில் குறிப்பிட்ட எண்ணெயையே நிரப்ப வேண்டும். நிறத்தில் ஒத்திருப்பதால் இரு எண்ணெய்கள் ஒன்றாகிவிடா. பொருந்தாத எண்ணெய் உள்ளிருக்கும் இரப்பர் அடைப்புகளைக் கெடுக்கும்.

காற்றுப்பை குறித்த எச்சரிக்கை

இந்தியாவில் 2019 சூலை 1 முதல் தயாரிக்கப்படும் கார்களில் ஓட்டுநருக்கான காற்றுப்பை கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன்பு வந்த பல கார்களிலும் இது உள்ளது. திசைமாற்றியின் நடுவே மடித்து வைக்கப்பட்டுள்ள இப்பை, மோதலின்பொழுது வேதிப்பொருள் எரிந்து வெளிவரும் வளிமத்தால் ஒரு நொடியில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் விரிகின்றது. பழுது பார்க்கும்பொழுது தவறுதலாக விரிந்தால் கடுங்காயம் ஏற்படும்.

ஆகவே திசைமாற்றியையோ கிளாக் ஸ்பிரிங்கையோ கழற்றுவதற்கு முன்பு மின்கல அடுக்கின் இணைப்பைத் துண்டித்து, கையேட்டில் கூறப்பட்ட நேரம்வரை காத்திருக்க வேண்டும். மின்கல அடுக்கு துண்டிக்கப்பட்ட பின்னும் காற்றுப்பைக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலுள்ள மின்தேக்கியில் மின்னூட்டம் சில நிமிடங்கள் எஞ்சியிருக்கும். கழற்றிய காற்றுப்பையை அதன் முகம் மேல்நோக்கி இருக்குமாறு வைக்க வேண்டும். அதன் கம்பிகளில் மின்தடைமானியை இணைக்கலாகாது. இத்தகைய பணியில் பயிற்சி இல்லாதவர்கள் உறைகளின் திருகுகளை இறுக்குவதுடன் நிறுத்திக்கொள்வதே நலம்.

உடனே கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

கீச்சொலியுடன் பின்வருவனவற்றுள் ஏதேனும் ஒன்று சேர்ந்து தோன்றினால், பழுது நீக்கும்வரை வண்டியை ஓட்டாதிருத்தல் வேண்டும்.

* திசைமாற்றி இறுகுதல், இடையில் சிக்குதல், திருப்பத்திற்குப் பின் நடுநிலைக்குத் திரும்பாதிருத்தல்
* திசைமாற்றியைத் திருப்பியும் சக்கரம் திரும்பாத வெற்றசைவு மிகுதல்
* மேடுபள்ளங்களில் முன்சக்கரப் பகுதியில் தட்டும் ஒலி
* காற்றுப்பை அல்லது பவர் ஸ்டியரிங் எச்சரிக்கை விளக்கு எரிதல்
* வண்டியின் அடியில் எண்ணெய்க் கசிவு

இந்தியாவின் 1989 ஆம் ஆண்டு மைய மோட்டார் ஊர்தி விதிகளின் 98 ஆம் விதி, திசைமாற்றியின் வெற்றசைவு 30 பாகைக்கு மிகலாகாது எனவும், திசைமாற்றி இணைப்புகளின் பந்து மூட்டுகள் இரப்பர் மூடிகளால் பாதுகாக்கப்பட்டிருக்க வேண்டும் எனவும் கூறுகின்றது. கிழிந்த இரப்பர் உறை சிறு குறைபாடு போலத் தோன்றினும், விதியே அதனைத் தனித்துக் குறிப்பிடுவது கருதத்தக்கது.

தடுப்பு முறைகள்

வண்டியைப் பணிமனையில் உயர்த்தும் ஒவ்வொரு முறையும் மூட்டுகளின் இரப்பர் உறைகளைப் பார்வையிடுவது மிகப் பயனுள்ள தடுப்பு முறையாகும். வண்டி நின்றிருக்கும்பொழுது திசைமாற்றியைத் திருப்புவதைத் தவிர்த்து, சற்றே நகரவிட்டுத் திருப்பினால் மூட்டுகள், டயர், பம்பு ஆகிய அனைத்தின் சுமையும் குறையும். உயர் அழுத்த நீரைக் கொண்டு கழுவும்பொழுது மூட்டு உறைகளின் விளிம்பில் நேராக நீரைப் பாய்ச்சலாகாது. வண்டி ஆழமான நீரில் நின்றிருந்தால், ஒலி எதுவும் இல்லாவிடினும் மூட்டுகளையும் தாங்கிகளையும் சோதித்தல் வேண்டும்.

வரலாறு

தொடக்ககாலத் தானுந்துகள் பலவற்றில் படகின் சுக்கான் பிடியைப் போன்ற கோலே திசைமாற்றியாக இருந்தது. 1894 இல் பாரிசிலிருந்து உரூவான் வரை நடந்த போட்டியில் ஆல்பிரட் வாசெரோன் என்பவர் தமது பனார்டு வண்டியில் வட்டத் திசைமாற்றியைப் பயன்படுத்தினார். பின்னர் அதுவே வழக்கமாயிற்று.

1920களில் அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிசு டேவிசு நீர்ம அழுத்தப் பவர் ஸ்டியரிங்கை உருவாக்கினார். விற்பனைக்கு வந்த பயணியர் கார்களுள் 1951 இல் கிறைசுலர் இம்பீரியல் இதனை முதலில் பெற்றது. இதனுடன் பம்பும் பெல்ட்டும், அவை எழுப்பும் ஒலிகளும் கார்களுக்கு வந்து சேர்ந்தன. 1949 இல் போர்டு வெடெட் காரில் இடம்பெற்ற மக்பெர்சன் ஸ்ட்ரட் பின்னாளில் பரவலானபொழுது, அதன் மேல் தாங்கி ஒலிக்குரிய புதிய இடமாயிற்று. 1988 இல் சப்பானில் சுசுகி செர்வோ காரில் மின்னோடிப் பவர் ஸ்டியரிங் அறிமுகமானது. அவ்வகை பரவியதால் பெல்ட்டின் கிரீச்சொலி குறைந்துவருகின்றது. ஆயினும் தண்டும், இரப்பர் வளையமும், பந்துக் கிண்ண மூட்டுகளும் பெரும்பாலான கார்களில் இன்றும் தொடர்கின்றன; அவற்றின் மசகு வற்றும்பொழுது எழும் ஒலியும் தொடர்கின்றது.

இவற்றையும் பார்க்க

* உராய்வு
* மசகு
* பந்துக் கிண்ண மூட்டு
* காற்றுப்பை
* தானுந்து